பக்கத்தில் ஓர் ஆள்

ஓவர்டோஸ் சாவு சினிமாவில் காட்டுவதுபோல நொடியில் நிகழ்ந்துவிடுவதில்லை. ஹெராயின், ஃபென்டனில், மார்ஃபின், நம் ஊர் மருந்துக்கடைகளில் இருக்கும் சில கடுமையான வலிநிவாரணி மாத்திரைகள் எல்லாம் ஓபியாய்ட் என்ற ஒரே குடும்பம். நாம் நினைக்காமலே நம்மை மூச்சுவிட வைக்கிற நரம்புக் கூட்டம் ஒன்று மூளைத்தண்டில் இருக்கிறது. ஓபியாய்ட் அளவு மீறும்போது அந்த இடம் மந்தமாகிறது. முதலில் ஆள் மயங்குகிறார். பிறகு தொண்டையிலிருந்து கனத்த குறட்டை மாதிரி ஒரு சத்தம் வருகிறது. உதடும் நகமும் நீலம் பாய்கின்றன; மாநிறத்தவர்களுக்கும் கறுத்தவர்களுக்கும் சாம்பல் நிறம் படர்கிறது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் நேரம் நீண்டுகொண்டே போகிறது. இதயம் அப்போதும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். அது நிற்பதற்கு முன் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும்.

அந்த நிமிடங்களில், மயங்கிக் கிடப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அவரால் முடியும். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து வினாடிக்கு ஒரு தடவை வாய்வழியே மூச்சை ஊதலாம். ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து கையில் இருந்தால் தொடைச் சதையில் ஓர் ஊசி போடலாம், அல்லது மூக்கில் பீச்சலாம். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். இதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை, கொஞ்ச நேரப் பயிற்சி போதும். இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய ஒரு சாவு இத்தனை பேரைக் கொண்டுபோவதற்கு முதல் காரணம், அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை என்பதுதான். கனடாவின் வான்கூவர் நகரத்தில் ஒரு சின்ன வட்டாரம் முப்பது ஆண்டுகளாக இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்டதைச் சட்டத்துக்கும் அரசுக்கும் முன்னால் தானே செய்து காட்டியது.

ஆயிரம் சிலுவைகள்

அந்த வட்டாரத்தின் பெயர் டவுன்டவுன் ஈஸ்ட்சைட். ஹேஸ்டிங்ஸ் தெருவும் மெயின் தெருவும் சந்திக்கும் மூலையைச் சுற்றியுள்ள சில வீதிகள். மரம் வெட்டுகிறவர்களும் சுரங்கத் தொழிலாளிகளும் வேலையில்லாத மாதங்களில் வந்து தங்கிய பழைய விடுதிகள் நிறைந்த இடம். ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், தாழ்வாரக் கோடியில் எல்லோருக்கும் பொதுவான குளியலறை. 1986-ல் வான்கூவரில் உலகக் கண்காட்சி நடந்தபோது சுற்றுலாப் பயணிகளுக்கு இடம் வேண்டும் என்று, பல ஆண்டுகளாக அங்கே குடியிருந்த நூற்றுக்கணக்கானவர்களை விடுதிக்காரர்கள் வெளியேற்றினார்கள். மாகாணத்தின் மனநல மருத்துவமனை படுக்கைகளைக் குறைத்துக்கொண்டே வந்தது. வெளியே வந்தவர்களில் பலருக்குப் போக்கிடம் இந்த வீதிகள்தான். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் அடியும் அவமானமும் பட்டு வளர்ந்த பழங்குடிப் பிள்ளைகள் பெரியவர்களானதும் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1993-ல் உட்வர்ட்ஸ் பேரங்காடி மூடப்பட்டது. தெருவின் வணிகமும் வேலையும் அதோடு போயின. வலியோடு இருப்பவர்கள் கூடும் இடத்தைத் தேடி, வலியை மறக்கவைக்கும் சரக்கு தானாக வந்துவிடும்.

1993-ல் வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் ஓவர்டோஸில் இறந்தார்கள். மாகாணத்தின் தலைமை மரண விசாரணை அதிகாரி வின்ஸ் கெய்ன் அடுத்த ஆண்டு ஓர் அறிக்கை கொடுத்தார். போதைப் பழக்கத்தை வெறும் குற்றமாகப் பார்ப்பதை விட்டு மக்கள் நல்வாழ்வுப் பிரச்சினையாகப் பாருங்கள் என்பது அதன் சாரம். அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாவுகள் தொடர்ந்தன.

1997 ஜூலையில், ஓப்பன்ஹைமர் பூங்காவின் புல்வெளியில் ஆயிரம் மரச்சிலுவைகளை நட்டார்கள். ஓவர்டோஸில் போனவர்களுக்காக. அந்தப் பூங்காவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. போருக்கு முன் அது ஜப்பானிய வம்சாவளிக் கனடியர்களின் விளையாட்டுத் திடல். அவர்களுடைய அசாஹி பேஸ்பால் அணி ஆடிய இடம். 1942-ல் அந்த மக்களை அரசு வீடு வாசலோடு பிடுங்கி எறிந்து முகாம்களுக்கு அனுப்பியது. ஒரு நகரம் தன் குடிமக்களை இரண்டு முறை கைவிட்டதற்கு அந்த ஒரே திடல் சாட்சி.

சிலுவைகளின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் பட் ஆஸ்போர்ன், கவிஞர். ஹெராயினில் கிடந்து மீண்டவர். அவர் நகரத்தின் சுகாதார வாரியத்தில் உறுப்பினரானார். அந்த ஆண்டே வாரியம் டவுன்டவுன் ஈஸ்ட்சைடில் மக்கள் நல்வாழ்வு நெருக்கடி நிலையை அறிவித்தது. அவரும் ஆன் லிவிங்ஸ்டன் என்ற பெண்மணியும் சேர்ந்து, போதை பயன்படுத்துகிறவர்களையே திரட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வாண்டு என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். குடிகாரர்களும் ஊசி போடுகிறவர்களும் சங்கம் வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று அன்று ஊர் கேட்டிருக்கும். அவர்கள் இரவில் சந்து சந்தாகச் சுற்றினார்கள். சுத்தமான ஊசி கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், மயங்கிக் கிடந்தவர்களுக்கு மூச்சு ஊதினார்கள். எந்தச் சந்தில், எந்தப் படிக்கட்டின் கீழ் ஆள் விழுந்துகிடப்பான் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நகரத்தில் இதைத் தெரிந்த அதிகாரி எவரும் கிடையாது.

கண்ணாடி வைத்த மேசைகள்

பிலிப் ஓவன் வலதுசாரிப் பக்கம் சாய்ந்த, வசதியான குடும்பத்து மேயர். அவர்தான் 2001-ல் நான்கு தூண் திட்டத்தைக் கொண்டுவந்தார்: தடுப்பு, சிகிச்சை, காவல், தீங்கு குறைத்தல் (பழக்கம் நிற்கும்வரை ஆளைச் சாகாமல் காப்பது). நான்காவது தூணுக்காக அவருடைய சொந்தக் கட்சியே அவரைக் கழற்றிவிட்டது. 2002 தேர்தலில் அவர் இடத்துக்கு வந்தவர் லாரி கேம்ப்பெல். மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர், ஓவர்டோஸ் பிணங்களைக் கண்ணால் பார்த்தவர். மேற்பார்வையோடு ஊசி போடும் மையம் ஒன்றுக்கு அரசின் அனுமதிக் காகிதங்கள் நகர்ந்துகொண்டிருந்த மாதங்களில் வாண்டு காத்திருக்கவில்லை. 2003-ல் காரல் தெருவில் ஒரு வாசலைத் திறந்து, யார் அனுமதியும் இல்லாமல், ஊசி போடுகிறவர்களைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தை நடத்தியது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஹேஸ்டிங்ஸ் தெருவில் இன்சைட் திறந்தது. வட அமெரிக்காவில் அரசு அனுமதி பெற்ற முதல் மேற்பார்வை ஊசி மையம். நடத்தியது போர்ட்லாண்ட் ஹோட்டல் சொசைட்டி. மற்ற விடுதிகள் துரத்திவிட்டவர்களுக்கு அறை கொடுக்க லிஸ் எவன்ஸ் என்ற இளம் செவிலியர் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த அமைப்பு. அரசின் வட்டாரச் சுகாதாரத் துறையும் கூட்டு. உள்ளே பன்னிரண்டு மேசைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கண்ணாடி. பின்னால் நிற்கும் செவிலியருக்கு ஊசி போடுகிறவரின் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக. சரக்கை அவர்களே கொண்டுவருவார்கள். மையம் கொடுப்பது சுத்தமான ஊசியும் ஒரு ஜோடிக் கண்களும். போட்டு முடித்ததும் அடுத்த அறையில் காபி கிடைக்கும், உட்கார்ந்து பேச ஆள் இருக்கும்.

பிள்ளை வளர்க்கும் எவருக்கும் இந்த இடத்தில் ஒரு நெருடல் வரும். போதை ஊசிக்கு அரசே பந்தல் போட்டுக் கொடுப்பதா, இது பழக்கத்தை வளர்க்காதா? இந்தப் பயத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் இதற்குப் பதில் தேடித்தான் வான்கூவரின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் செலவிட்டார்கள். இன்சைட்டுக்கு வாராவாரம் வந்தவர்கள், வராதவர்களைவிடச் சீக்கிரமாக நச்சுநீக்கச் சிகிச்சைக்குப் போனார்கள். யோசித்தால் இதில் வியப்பில்லை. தினமும் பேர் சொல்லிக் கூப்பிடும் ஒரு செவிலியரிடம்தான் ‘போதும், நிறுத்தணும்’ என்று சொல்ல வாய் வரும். 2011-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, மையத்தைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் ஓவர்டோஸ் சாவுகள் 35 சதவீதம் குறைந்ததாகவும், நகரத்தின் மற்ற இடங்களில் 9.3 சதவீதமே குறைந்ததாகவும் காட்டியது. அந்த அரைக் கிலோமீட்டர் என்ற எல்லையை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

மத்தியில் ஆட்சி மாறியதும் இன்சைட்டை மூடப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்குத் தொடுத்தவர்களில் அந்த வட்டாரத்தில் ஊசி போட்டுப் பிழைத்துவந்த இரண்டு பேரும் இருந்தார்கள். 2011 செப்டம்பர் 30 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். மையம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, எட்டு ஆண்டுகளில் ஒருவர்கூட அங்கே ஓவர்டோஸில் சாகவில்லை, அதை மூடுவது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பது.

சந்தில் ஒரு கூடாரம்

அதற்குள் சரக்கு மாறிவிட்டது. ஃபென்டனில் 1959-60-ல் பெல்ஜியத்தில் பால் யான்சென் உருவாக்கிய மருந்து, அறுவைசிகிச்சை அரங்குகளில் இன்றும் இன்றியமையாதது. மார்ஃபினைப்போல் சுமார் நூறு மடங்கு வீரியம். கள்ளச்சந்தைக்காரனுக்கு இது லாபம்: தபால் உறைக்குள் அடங்குகிற தூள், ஒரு பேட்டைக்கே போதும். ஆனால் கொல்லைப்புறத்தில் மாவோடு கலக்கும்போது எந்தப் பொட்டலத்தில் எத்தனை துகள் விழுந்தது என்று விற்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. இருபது வருடம் ஹெராயின் போட்டு அளவு பழகியவர்கள்கூட ஒரே ஊசியில் சரிந்தார்கள். 2016 ஏப்ரல் 14 அன்று மாகாணத்தின் தலைமைச் சுகாதார அதிகாரி பெர்ரி கெண்டல் நெருக்கடி நிலையை அறிவித்தார். அந்த ஒரு ஆண்டில் ஏறத்தாழ ஆயிரம் பேர் செத்தார்கள்.

இன்சைட்டின் வாசலில் கூட்டம். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் சந்தில் போட்டுக்கொண்டு விழுந்தார்கள். பக்கத்தில் பழைய சாமான்கள் விற்கும் தெருச்சந்தையைக் கவனித்துவந்த சாரா பிளைத், தினமும் ஓடி ஓடி ஆட்களை எழுப்பிக்கொண்டிருந்தார். நகரப் பூங்கா வாரியத்தில் உறுப்பினராக இருந்தவர் அவர். 2016 செப்டம்பரில் அவரும் ஆன் லிவிங்ஸ்டனும் கிறிஸ் ஈவர்ட்டும் சேர்ந்து அந்தச் சந்திலேயே ஒரு கூடாரம் அடித்தார்கள். மேசை, நாற்காலி, நலாக்சோன், வட்டாரத்துத் தொண்டர்கள். செலவுக்கு இணையத்தில் மக்களிடம் கேட்டு வாங்கிய பணம். சட்டப்படி அது குற்றம். போலீஸ் தடுக்கவில்லை.

மூன்று மாதத்தில் அரசு அவர்கள் பின்னால் வந்தது. 2016 டிசம்பரில் சுகாதார அமைச்சர் டெர்ரி லேக், நெருக்கடி நிலை அதிகாரத்தைப் பயன்படுத்தி, தேவைப்படும் இடங்களில் ஓவர்டோஸ் தடுப்பு மையங்களைத் திறக்க உத்தரவு போட்டார். இன்சைட் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடிக் காப்பாற்றிக்கொண்ட அனுமதி, இங்கே ஒரு காகிதத்தில் வந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது. அமைச்சர் துணிந்தார் என்பது உண்மை. ஆனால் அவர் துணிவதற்கு முன்பே கூடாரத்தில் மனிதர்கள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘இது முடியாது’ என்று சொல்வதற்கு எந்தக் கோப்பிலும் இடமில்லாமல் போயிருந்தது.

நலாக்சோன் கதையும் இதைப் போன்றதுதான். ஜாக் ஃபிஷ்மன், போலந்தில் பிறந்து நாஜிகளிடமிருந்து தப்பி ஷாங்காய் வழியாக அமெரிக்கா சேர்ந்தவர். 1961-ல் மோசஸ் லெவன்ஸ்டைனுடன் சேர்ந்து அந்த மருந்தைக் கண்டுபிடித்தார். மூளையில் ஓபியாய்ட் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் போய் அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். போதை தராது, பழக்கமாகாது, உடலில் ஓபியாய்ட் இல்லாதவருக்குக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது. 1971-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் பல பத்தாண்டுகள் அது மருத்துவமனை அலமாரியிலும் ஆம்புலன்ஸிலும்தான் இருந்தது. 2003-ல் ஃபிஷ்மன் மனைவியின் முந்தைய மணத்து மகன் ஓவர்டோஸில் இறந்தார். மருந்தைக் கண்டுபிடித்தவரின் வீட்டுக்கே அது நேரத்துக்கு வந்து சேரவில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியா அதை அலமாரியிலிருந்து இறக்கி ஜனங்கள் கையில் கொடுத்தது. 2012-ல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் கைக்கடக்கமான ஒரு பை: மூன்று குப்பி மருந்து, ஊசிகள், கையுறை, வாயில் மூச்சு ஊதும்போது வைத்துக்கொள்ள ஒரு மறைப்பு. இதுவரை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பைகள் போயிருக்கின்றன. போதை பயன்படுத்துகிறவர்கள், அவர்களுடைய அம்மாக்கள், விடுதிக் காவலாளிகள், நூலக ஊழியர்கள் என்று பலர் கையிலும் அந்தப் பை இருக்கிறது. 2016 ஏப்ரல் முதல் 2017 டிசம்பர் வரை மாகாணத்தில் 2,177 பேர் இறந்தார்கள். நலாக்சோன் பை, தடுப்பு மையங்கள், மாற்று மருந்துச் சிகிச்சை (கள்ளச் சரக்குக்குப் பதிலாக மருத்துவர் தரும் அளவான மருந்து) மூன்றும் இல்லாமல் இருந்திருந்தால் மேலும் 3,000 பேர் போயிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தடுக்கப்பட்ட சாவுகளில் சரிபாதிக்கு மேல் அந்தப் பையின் கணக்கில் வருகின்றன.

தாழிட்ட கதவுகள்

இத்தனைக்கும் பிறகு 2023-ல் அந்த மாகாணத்தில் 2,500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 55 இலட்சம் பேர் வாழும் இடத்தில், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஏழு பேர். 2024-ல் எண்ணிக்கை குறைந்தது. ஆனாலும் 2,000-க்குக் கீழே இறங்கவில்லை. இதைக் காட்டி, ‘பார்த்தீர்களா, உங்கள் தீங்கு குறைத்தல் தோற்றுவிட்டது’ என்று சொல்கிறவர்கள் கனடாவில் நிறைய.

எங்கே செத்தார்கள் என்று பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் கட்டடங்களுக்குள் இறந்தார்கள், ஏறத்தாழப் பாதிப்பேர் தனி வீடுகளில். நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆண்கள். கட்டுமானத் தொழிலாளிகள் கணிசமானவர்கள்: முதுகுவலிக்கு ஆரம்பித்த மாத்திரை, வேலை போய்விடும் என்ற பயம், மனைவிக்குக்கூடத் தெரியாத பழக்கம். பழங்குடியினர் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். ஊசி போட்டு இறந்தவர்களைவிடப் புகைத்து இறந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஊசிக்காக வடிவமைத்த மையத்தில் புகைக்க இடமில்லை. சரக்கில் தூக்கமருந்து வகைகளும் கலந்து வருகின்றன, அவற்றுக்கு நலாக்சோன் கேட்காது. இன்சைட்டின் அரைக் கிலோமீட்டருக்கு வெளியே மாகாணம் ஆயிரம் கிலோமீட்டர் விரிந்துகிடக்கிறது. அங்கே தாழிட்ட அறைக்குள் விழுகிறவரின் பக்கத்தில் யாரும் இல்லை.

2023 ஜனவரி இறுதியில் கையில் இரண்டரை கிராம் வரை வைத்திருந்தால் கைது இல்லை என்று மூன்றாண்டுச் சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். பூங்காக்களிலும் மருத்துவமனைகளிலும் வெளிப்படையாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. 2024 மே மாதம் பொது இடங்களுக்குத் தடை திரும்பியது. கைது பயத்தை நீக்குவது நல்லதுதான். ஆனால் பயம் போனதும் பக்கத்தில் ஆள் தானாக வந்துவிடமாட்டார். அதற்கு மையம் வேண்டும், சம்பளம் வேண்டும், சிகிச்சை கேட்டு வருகிறவனுக்கு அன்றே படுக்கை வேண்டும். அந்தப் பகுதியில் அரசு பின்தங்கியது. பழியைக் கூடாரத்தின் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்னையின் கணக்கு

சென்னையில் ஊசிவழி போதை எடுத்துக்கொண்ட 1,158 பேரை 2005 முதல் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய நிறுவனத்தின் பங்களிப்போடு நடந்தது. 2008-க்குள் அவர்களில் 85 பேர் இறந்துவிட்டார்கள். எய்ட்ஸும் காசநோயும்தான் கொன்றிருக்கும் என்று நாம் நினைப்போம். முதலிடத்தில் இருந்தது ஓவர்டோஸ், 22 பேர். அன்று அது செய்தியாகவில்லை.

இன்று சரக்கு வேறு. டாபென்டடால் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற இளைஞர்கள் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். வாயால் விழுங்கச் செய்த மாத்திரையில் மருந்தைத் தவிர வேறு தூள்களும் இருக்கின்றன. அவை இரத்தக்குழாயை அடைக்கும், நுரையீரலைக் கெடுக்கும். மருந்தோ மூச்சை அமுக்கும். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் மாத்திரை விற்றவனைப் பிடித்த செய்தி வருகிறது. பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த இளைஞன் சரிந்தபோது கூட இருந்த நண்பர்கள் என்ன செய்தார்கள்? பல இடங்களில் ஓடிப்போயிருப்பார்கள். 108-ஐக் கூப்பிட்டால் கூடவே போலீஸ் வரும், தன் மேலும் வழக்கு விழும் என்ற பயத்தில் ஓடுகிறவனை நான் கோழை என்று சொல்லமாட்டேன். கனடா 2017-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது: ஓவர்டோஸுக்கு உதவி கேட்டு அழைத்தவர் மேலும் அங்கே இருப்பவர்கள் மேலும், வெறுமனே போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குப் போடக் கூடாது. நம்மிடம் சாலை விபத்தில் உதவுகிறவரைக் காக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வருகிறவருக்கு விலக்கு தருகிறது. நண்பனுக்காக 108-ஐ அழைப்பவனுக்கு எதுவும் இல்லை. இந்தச் சின்ன இடைவெளியை அடைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது.

எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. அதன்படி ஓபியாய்ட் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுகிற இந்தியர்கள் சுமார் 77 இலட்சம் பேர், ஊசிவழி எடுப்பவர்கள் எட்டரை இலட்சம். நலாக்சோன் நம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் கிடைக்காது. போதை மீட்பு மையங்களில் வேலை செய்கிறவர்கள், ஊசி மாற்றித் தரும் களப்பணியாளர்கள், பேட்டைகளுக்குள் போகிற நகர்ப்புறச் செவிலியர்கள் ஆகியோருக்குப் பயிற்சியும் பையும் கொடுப்பதிலிருந்து தொடங்கலாம். அதற்குப் பிறகு குடும்பங்களுக்கு.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. ஆள் மயங்கிக் கிடந்து, விரல் முட்டியால் நெஞ்செலும்பை அழுத்தித் தேய்த்தும் விழிக்கவில்லை, கண்ணின் பாவை ஊசிமுனையளவு சுருங்கியிருக்கிறது, மூச்சு மெதுவாக இருக்கிறது அல்லது கரகரக்கிறது என்றால், ‘தூங்கட்டும், போதை தெளியட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108. மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஐந்து வினாடிக்கு ஒரு மூச்சு ஊதுங்கள். நாடித்துடிப்பே இல்லையென்றால் நெஞ்சை அழுத்திவிட வேண்டும். எப்படி என்று 108-ல் கேளுங்கள். மூச்சு ஒழுங்காக வர ஆரம்பித்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மருத்துவமனையில் நலாக்சோன் போட்டு எழுந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். அந்த மருந்தின் வேலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்தான், உள்ளே இருக்கும் சரக்கு அதற்கு மேலும் தங்கும். மறுபடி மூச்சு நிற்கலாம். என்ன எடுத்துக்கொண்டார் என்று தெரிந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மிக ஆபத்தான காலம் எது என்பதை எந்த மீட்பு மையமும் வாசலில் எழுதி வைக்க வேண்டும்: அங்கிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்கள். சிறையிலிருந்து வந்தாலும் இதேதான். விலகி இருந்த நாட்களில் உடலின் தாங்குதிறன் குறைந்துபோயிருக்கும்; மனம் மட்டும் பழைய அளவை நினைவில் வைத்திருக்கும். ஒரு பலவீனமான மாலையில் பழைய அளவை எடுத்தால் அந்த உடல் தாங்காது. பிள்ளை குணமாகி வந்துவிட்டான் என்று குடும்பம் நிம்மதியாகத் தூங்குகிற அதே வாரங்கள் அவை. டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே இதை அவனிடமும் வீட்டாரிடமும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லுங்கள் என்று மையத்தாரைக் கேளுங்கள். மாற்று மருந்துச் சிகிச்சை தொடர வேண்டுமா என்று கேளுங்கள். மறுபடி எடுத்துவிட்டேன் என்று அவன் வந்து சொல்கிற அளவுக்கு வீட்டில் அடியும் வசையும் குறைந்திருக்கிறதா என்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை.